தோல் தொற்றுகளுக்கான தமிழக மரபு மூலிகைகள்

தோல் தொற்றுகளுக்கான மரபு மூலிகைகள் என்பவை பூஞ்சை, பாக்டீரியா, தீநுண்மி, சிற்றுண்ணி ஆகியவற்றால் தோலில் உண்டாகும் நோய்களுக்குச் சித்த மருத்துவத்திலும் நாட்டு மருத்துவத்திலும் பயன்படுத்தப்படும் தாவரங்கள் ஆகும். தமிழகத்தில் சீமையகத்தி, தகரை, நாகமல்லி, பூவரசு, குப்பைமேனி, வேம்பு, மஞ்சள், புங்கம், நீரடிமுத்து முதலியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. இவற்றுட் சிலவற்றின் செயல்திறனுக்கு வேதியியல் அடிப்படை கண்டறியப்பட்டுள்ளது. சில, நோயைக் குறைப்பதைக் காட்டிலும் தோலைப் புண்ணாக்குவதில் வல்லவை. ஒரே இலை எல்லாத் தோல் நோய்க்கும் மருந்து என்னும் கருத்து மக்களிடையே உண்டு. சித்த மருத்துவ முறை அவ்வாறு கூறவில்லை.

நோய்களும் அவற்றின் பெயர்களும்

தமிழில் தோல் நோய்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. வட்டமாகப் பரவி ஓரம் தடித்தும் நடு வெளுத்தும் காணப்படுவது படர்தாமரை. மார்பிலும் முதுகிலும் வெளிறிய திட்டுகளாகத் தோன்றுவது தேமல். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இரவில் கடும் அரிப்பைத் தருவது சிரங்கு. நீரில் நின்று வேலை செய்வோரின் கால்விரலிடுக்கில் தோல் வெந்து உரிவது சேற்றுப்புண். உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளங்கள் எழுவது அக்கி. கசிந்து, அரித்து, தோல் தடித்துப் போவது கரப்பான். சித்த மருத்துவ நூல்கள் கடுமையான தோல் நோய்களைக் குட்டம் என்னும் பெயரில் 18 வகைகளாகப் பகுக்கின்றன. தொழுநோய் அவற்றுள் ஒன்று மட்டுமே.

இந்தப் பெயர்கள் தோற்றத்தைக் கொண்டு அமைந்தவை. நோய்க்கான காரணம் பின்னர் நுண்ணோக்கி வழியாகத் தெரிய வந்தது. படர்தாமரை தோலின் புறப்படலத்தில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு வாழும் பூஞ்சைகளால் வருகிறது. பூஞ்சை நடுவிலிருந்து வெளிநோக்கி வளர்வதாலேயே அது வட்ட வடிவம் பெறுகிறது. தேமலுக்குக் காரணம் எல்லோருடைய தோலிலும் இயல்பாக வாழும் மலசீசியா என்னும் மற்றொரு பூஞ்சை. சிரங்கு கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணி ஒன்று தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது. அக்கி, சின்னம்மையை உண்டாக்கும் தீநுண்மி பல்லாண்டுகள் நரம்பில் உறங்கிக் கிடந்து மீண்டும் கிளம்புவதால் வருவது. கரப்பான் பெரும்பாலும் தொற்றே அன்று.

பூஞ்சைக்கு எதிராகச் செயல்படும் இலை சிற்றுண்ணியைக் கொல்லும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே ஒரு மூலிகை "தோல் நோய்க்கு நல்லது" என்று பொதுப்படக் கூறப்படும்போது, எந்த நோய்க்கு என்னும் கேள்வி முதலில் எழ வேண்டும். நாட்டு மருந்து பலிக்கவில்லை என்று கூறப்படும் நேர்வுகளில் மருந்தின் குறையைப் போலவே நோயைத் தவறாக அறிந்த குறையும் காணப்படுகிறது.

நெய்வேலி வட்டாரத்தில்

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி நகரியத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் வடக்குத்து. 1956 ஆம் ஆண்டு நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பின் இவ்வட்டாரம் சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் சார்ந்து வளர்ந்தது. அதற்கு முன்பும் பின்பும் இதன் செம்மண் மேட்டுநிலம் முந்திரிக்கும் பலாவுக்கும் பெயர் பெற்றது. வெப்பமும் கடற்காற்றின் ஈரப்பதமும் சேர்ந்த இப்பகுதியில், வியர்வையில் நனைந்த தடித்த ஆடையுடன் நெடுநேரம் வேலை செய்வோருக்குத் தொடையிடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை வருவது இயல்பு. குப்பைமேனி, வேம்பு, பூவரசு, புங்கம், ஆவாரை ஆகியவை இங்கு வேலியோரத்திலும் வீட்டுக் கொல்லையிலும் எளிதில் கிடைப்பவை.

முந்திரி இவ்வட்டாரத்தின் தனித்தன்மை வாய்ந்த நேர்வு. பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தைப் போர்த்துக்கீசியர் 16 ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டு வந்தனர். மலையாளத்தில் இது இன்றும் பறங்கிமாவு எனப்படுகிறது. முந்திரிக்கொட்டையின் ஓட்டில் கார்டால், அனகார்டிக் அமிலம் ஆகியவை கொண்ட கரிய எண்ணெய் உண்டு. அனகார்டிக் அமிலம் ஆய்வுக்கூடச் சோதனைகளில் சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. பித்தவெடிப்புக்கும் மருவுக்கும் படர்தாமரைக்கும் இவ்வெண்ணெயைத் தொட்டு வைக்கும் நாட்டு வழக்கம் ஏற்பட்டதற்கு இது ஒரு காரணமாகலாம். ஆனால் அதே எண்ணெய் தோலை வெந்த புண்ணாக்கிக் கருக்கிவிடும். பண்ருட்டிப் பகுதியில் கொட்டை உடைக்கும் பெண்கள் கைகளில் சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசிக்கொண்டு வேலை செய்வது இதனால்தான். மருந்தாக இதைத் தொடுவதற்கு முன் அந்தக் கைகளைப் பார்ப்பது போதுமான எச்சரிக்கையாகும்.

முந்திரியின் குடும்பத்தைச் சேர்ந்த சேராங்கொட்டையும் இத்தகையதே. இதன் சாற்றைக் கொண்டு வண்ணார் துணிகளில் அழியாத குறியிட்டனர். அக்குறி பட்ட இடத்தில் சிலருக்குத் தோல் தடித்துக் கொப்பளிப்பதை மருத்துவ நூல்கள் தனியொரு நோயாகவே பதிவு செய்துள்ளன. சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டை முறையாகச் சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்க்கப்படுகிறது.

படர்தாமரைக்கான செடிகள்

சீமையகத்தி இவற்றுள் முதன்மையானது. வண்டுகொல்லி என்னும் பெயரும் இதற்கு உண்டு. இதன் தாவரவியல் பெயர் சென்னா அலாட்டா; பழைய நூல்களில் காசியா அலாட்டா என்றிருக்கும். அகன்ற சிற்றிலைகளும், மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தது போல நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் பூங்கொத்தும், நான்கு சிறகுகள் கொண்ட காயும் இதனை எளிதில் அடையாளம் காட்டும். "சீமை" என்னும் முன்னொட்டு இது வெளிநாட்டுச் செடி என்பதைத் தெரிவிக்கிறது. வெப்பமண்டல அமெரிக்காவே இதன் தாயகம். ஐரோப்பியர் கடல்வழி காணும் முன் இச்செடி தமிழகத்தில் இருந்திருக்க இயலாது. மரபு மருத்துவம் என்பது மாறாமல் உறைந்து போன ஒன்றன்று, புதிதாக வந்த செடியையும் சோதித்து ஏற்றுக்கொண்ட ஒன்று என்பதற்கு இது நல்ல சான்று.

பச்சை இலையை எலுமிச்சைச் சாற்றுடன் அரைத்துப் படர்தாமரையின் மீது, குறிப்பாக அதன் ஓரத்தின் மீது பூசுவது வழக்கம். இலையில் கிரைசோபனால், இமோடின், ரெயின், சோற்றுக்கற்றாழையிலும் உள்ள அலோ இமோடின் ஆகிய ஆந்த்ராகுவினோன் சேர்மங்கள் உள்ளன. இவை பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுப்பதோடு, தோலைச் சற்று உறுத்துவதன் மூலம் புறப்படலம் விரைந்து உரியவும் செய்கின்றன. படர்தாமரைப் பூஞ்சை உயிரற்ற புறப்படலத்திலேயே வாழ்வதால், அப்படலம் உரிந்தால் பூஞ்சையும் உடன் செல்கிறது. 1907 ஆம் ஆண்டு முதல் வழங்கும் விட்ஃபீல்டு களிம்பில் சாலிசிலிக் அமிலம் சேர்க்கப்படுவதும் இதே கருத்தில்தான். நகத்திலும் மயிர்க்காலிலும் புகுந்துவிட்ட பூஞ்சையை இவ்வாறு பூசும் மருந்துகள் எட்டுவதில்லை. குழந்தைகளின் தலையில் முடி உதிர்த்து வரும் படர்தாமரைக்கு உள்மருந்து தேவைப்படுவது இக்காரணத்தால் ஆகும்.

தென்கிழக்காசியா முழுவதும் இச்செடி இதே நோய்க்குப் பயன்படுகிறது. மலாய் மொழியில் கெலங்காங் எனவும், பிலிப்பைன்சில் அகபுல்கோ எனவும் இது வழங்கும். பிலிப்பைன்சு நாட்டுச் சுகாதாரத் துறை ஏற்பளித்த பத்து மூலிகைகளுள் இதுவும் ஒன்று. அங்கு இது பூசுநீர்மமாகவும் தயாரிக்கப்படுகிறது. அதே ஆந்த்ராகுவினோன்கள் குடலைத் தூண்டுவதால் இலைச்சாற்றை உட்கொண்டால் பேதியாகும்.

சீமையகத்தியின் உறவான தகரை தமிழகத்தில் மழைக்காலத்தில் தரிசு நிலங்களில் தானே முளைக்கும் சிறு செடி. சமசுகிருதத்தில் இதற்குச் சக்ரமர்த என்று பெயர். சக்கரம் போன்ற படையை நசுக்குவது என்பது பொருள். இதன் விதையைப் புளித்த மோரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அரைத்துப் பூசுவர். இதிலும் கிரைசோபனால் உள்ளது.

இச்சேர்மங்களின் வரலாற்றில் கோவாவுக்கும் இடமுண்டு. 19 ஆம் நூற்றாண்டில் பம்பாய் முதலிய நகரங்களில் படர்தாமரைக்குக் "கோவாப் பொடி" என்னும் மஞ்சள் தூள் விற்கப்பட்டது. அது போர்த்துக்கீசியர் வழியாகப் பிரேசில் மரம் ஒன்றிலிருந்து வந்தது எனப் பின்னர் தெரிய வந்தது. அதன் செயற்பொருளான கிரைசாரோபின் முதலாம் உலகப்போரின்போது ஐரோப்பாவில் கிடைப்பது அரிதானது. அதற்கு மாற்றாக 1916 ஆம் ஆண்டு செருமனியில் உருவாக்கப்பட்ட டித்ரனால், காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிசு நோய்க்கு இன்றும் பயன்படும் மருந்தாகும்.

நாகமல்லி வீட்டு முற்றத்தில் வளர்க்கப்படும் சிறு செடி. ரைனகாந்தசு நாசூட்டசு என்பது இதன் தாவரவியல் பெயர். வெண்ணிறப் பூ பறக்கும் பறவை போலவோ படமெடுத்த பாம்பு போலவோ தோன்றும். பாம்புக்கடிக்கு இது மருந்து என்னும் நம்பிக்கை இத்தோற்றத்தைச் சார்ந்து எழுந்ததாகலாம். பாம்புக்கடிக்கு இதை நம்பிக் காலம் கடத்துவது உயிருக்கு ஆபத்து. படர்தாமரையைப் பொறுத்தவரை நிலை வேறு. இதன் வேரிலும் இலையிலும் உள்ள ரைனகாந்தின் எனப்படும் நாப்தோகுவினோன் சேர்மங்கள் படர்தாமரைப் பூஞ்சைகளைத் தடுப்பது ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டுள்ளது. தாய்லாந்திலும் இச்செடி இதே நோய்க்குப் பயன்படுகிறது. ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள மக்கள் ஒரே செடியை ஒரே நோய்க்குத் தேர்ந்திருப்பது ஆய்வாளரின் கவனத்தை ஈர்க்கும் செய்தி.

பூவரசின் இளங்காயைக் கீறினால் வடியும் மஞ்சள் பாலைச் சிறுவர்கள் கூடப் படர்தாமரைக்குத் தொட்டு வைப்பதுண்டு. முதிர்ந்த மரத்தின் பட்டை கியாழமாகவும் எண்ணெயாகவும் பயன்படுகிறது.

சிரங்குக்கான செடிகள்

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது தமிழகத்தில் மிகப் பரவலான முறை. இம்முறை மருத்துவ ஆய்வுக்கும் உட்பட்டுள்ளது. 1992 ஆம் ஆண்டு வெளியான முன்னோட்ட ஆய்வொன்றில் சிரங்கு கண்ட 814 பேருக்கு இவ்விரண்டின் விழுது பூசப்பட்டது. 3 முதல் 15 நாட்களுக்குள் 97 விழுக்காட்டினர் குணமடைந்தனர் என அதில் குறிப்பிடப்பட்டுள்ளது. எண்ணிக்கை பெரிது எனினும் முன்னோட்ட ஆய்வின் முடிவை இறுதி முடிவாகக் கொள்வது முறையாகாது.

சிரங்கில் அரிப்பு உண்டாவது சிற்றுண்ணிக்கு எதிராக உடல் காட்டும் ஒவ்வாமையால். முதல் முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் அவர் வீட்டிலுள்ள மற்றவருக்கும் பரப்பியிருப்பார். உண்ணிகள் இறந்த பின்னரும் சில வாரங்கள் அரிப்பு நீடிக்கலாம். எனவே எந்த மருந்தாயினும், பச்சிலையோ பெர்மெத்ரின் களிம்போ, வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூசிக்கொள்ளாவிட்டால் பயன் தராது. உடுத்திய துணியையும் படுக்கை விரிப்பையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவதும் மருத்துவத்தின் பகுதியே. உலக சுகாதார அமைப்பு 2017 ஆம் ஆண்டு சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சொறிந்த புண்ணில் சிட்ரெப்டோகாக்கசு பாக்டீரியா புகுந்தால் குழந்தைகளுக்குச் சிறுநீரக அழற்சி வரக்கூடும் என்பதால் இது வெறும் அரிப்பு நோயன்று. சிரங்கு கண்ட குழந்தையின் முகம் வீங்கினாலோ சிறுநீர் கருத்துப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

குப்பைமேனி, பெயருக்கேற்பக் குப்பைமேட்டில் வளரும் செடி. இதன் வேர் பூனையைக் கவர்வதால் பூனைவணங்கி எனவும் பெயர் பெற்றது. இலையுடன் உப்புச் சேர்த்துக் கசக்கி உடலில் தேய்த்துச் சற்று நேரம் கழித்துக் குளிப்பது வழக்கம். வெளிப்பூச்சாகப் பயன்படும் இச்செடியை உள்ளுக்குக் கொடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே செங்குருதியணுக்களில் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக இருக்கும்; இது பெரும்பாலும் ஆண்களையே தாக்கும் மரபுக் குறை. இத்தகையோர் குப்பைமேனி சேர்ந்த கஞ்சியை உண்டபின் குருதியணுக்கள் சிதைந்து கடும் நோயுற்ற நேர்வுகள் இலங்கையில் பதிவாகியுள்ளன. இக்குறை உள்ளதாகப் பலருக்கும் தெரிந்திருப்பதில்லை.

புங்க எண்ணெயும் வேப்பெண்ணெயும் சிரங்குக்குப் பூசப்படுகின்றன. புங்க எண்ணெயில் கரஞ்சின் என்னும் சேர்மம் உள்ளது. வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு வாய்வழியாகப் புகட்டுவது அறவே தவிர்க்க வேண்டிய ஒன்று. 1981 ஆம் ஆண்டு மலேசிய மருத்துவர்கள், வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்ட நேர்வுகளை வெளியிட்டனர். புறத்தே பூசுவதற்குத் தீங்கற்ற பொருள் அகத்தேயும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணியதன் விளைவு அது.

தொழுநோயும் நீரடிமுத்தும்

தோலைப் பற்றும் நோய்களுக்கான மூலிகைகளுள் உலக மருத்துவத்தில் மிக உயர்ந்த இடத்தை அடைந்ததும், பின்னர் முற்றிலும் கைவிடப்பட்டதும் நீரடிமுத்து ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் வளரும் மரம் இது. மலையாளத்தில் மரோட்டி எனப்படும். தாவரவியல் பெயர் ஹிட்னோகார்பசு பென்டான்ட்ரசு. இதற்கு முன் வழங்கிய வைட்டியானா என்னும் பெயர், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் இராபர்ட் வைட்டைக் குறிப்பது. இதன் விதை எண்ணெய் சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் தொழுநோய்க்குப் பயன்பட்டது. வடகிழக்கிந்தியாவிலும் பர்மாவிலும் இதன் உறவான மரத்தின் எண்ணெய் சால்மூக்ரா என்னும் பெயரில் வழங்கியது.

1854 ஆம் ஆண்டு வங்காளத்தில் பணியாற்றிய பிரெடெரிக் மவுவாட் சால்மூக்ராவைப் பற்றி எழுதியதன் மூலம் அது மேலை மருத்துவத்தில் அறிமுகமானது. எந்த மரம் என்பதிலேயே நீண்ட காலம் குழப்பம் நிலவியது. வேறொரு மரமே இதற்கு மூலம் என நூல்கள் குறித்தன. 1904 இல் பிரெடெரிக் பவர் இவ்வெண்ணெயிலிருந்து சால்மூக்ரிக் அமிலத்தைப் பிரித்தார். எண்ணெயை உட்கொண்டால் குமட்டியது. ஊசி வழியே செலுத்தினால் தோலுக்கடியில் கட்டிகளாகத் தேங்கி வலித்தது. ஹவாய்க் கல்லூரியில் வேதியியல் பயின்ற ஆலிசு பால் என்னும் கறுப்பின இளம்பெண் இவ்வெண்ணெயின் கொழுப்பமிலங்களை எத்தில் எசுத்தராக மாற்றி, உடலில் கலக்கும் ஊசிமருந்தாக்க வழிகண்டார். அவர் 1916 ஆம் ஆண்டு தமது 24 ஆம் அகவையில் காலமானார். கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் அப்பணியைத் தம் பெயரில் வெளியிட்டார். 2000 ஆம் ஆண்டில்தான் ஹவாய்ப் பல்கலைக்கழகம் வளாகத்திலுள்ள சால்மூக்ரா மரத்தடியில் ஆலிசு பாலுக்கு நினைவுப் பட்டயம் வைத்தது. கல்கத்தாவில் லெனார்டு ராசர்சும் இவ்வெண்ணெயிலிருந்து ஊசிமருந்துகளை உருவாக்கினார்.

1941 இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்போன் வகை மருந்து தொழுநோய்க்குப் பயன்படுவது கண்டறியப்பட்டது. செங்கல்பட்டு அருகே திருமணியிலிருந்த தொழுநோய் மருத்துவமனையிலும் பின்னர் வேலூரிலும் பணியாற்றிய இராபர்ட் காக்ரேன், டாப்சோன் என்னும் சல்போனை இந்தியாவில் பயன்படுத்தியவர்களுள் முன்னோடி ஆவார். திருமணி மருத்துவமனை 1955 இல் நடுவண் அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. டாப்சோனுக்கு எதிர்ப்புத் தோன்றியதால் 1981 இல் உலக சுகாதார அமைப்பு பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருத்துவத்தைப் பரிந்துரைத்தது. இது அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நீரடிமுத்து எண்ணெய் ஒரு காலத்தில் இருந்தவற்றுள் சிறந்த மருந்து என்பதும், இன்று தொழுநோய்க்கு அதை நம்பியிருப்போர் கை கால் உணர்விழந்து ஊனமுறுவர் என்பதும் ஒருங்கே உண்மை. உணர்ச்சி குன்றிய வெளிறிய திட்டைத் தேமல் என்று கருதிப் பச்சிலை பூசிக் காலம் தாழ்த்துவது இந்நோயில் அடிக்கடி நேரும் பிழையாகும். தேமலில் உணர்ச்சி குன்றுவதில்லை.

அம்மை, அக்கி, பாலுண்ணி

அம்மை கண்டவரை வேப்பிலைப் படுக்கையில் கிடத்துவதும், வேப்பிலையால் வருடுவதும் மாரியம்மன் வழிபாட்டுடன் இணைந்த வழக்கம். நகத்தால் சொறிவதைத் தடுப்பதும், வாசலில் வேப்பிலை செருகி மற்றவர் வருகையைக் குறைப்பதும் இதனால் விளைந்த நன்மைகள். பெரியம்மை இந்தியாவில் 1975 ஆம் ஆண்டுடன் முடிவுற்றது தடுப்பூசியால் ஆகும்.

அக்கிக்குக் குயவர்கள் செங்காவி மண்ணைக் குழைத்து எழுதுவது வடதமிழகத்தில் பரவலாக உள்ள வழக்கம். தானே ஆறும் நோயாதலால் பலரும் இதனால் குணமடைந்ததாகக் கருதுவர். எனினும் முதியோருக்குப் பின்னர் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்புவலியும், நெற்றியில் வரும் அக்கியால் கண்பார்வைக் குறைவும் நேரலாம். தீநுண்மிக்கு எதிரான மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட்டால் மிகுந்த பயன் தரும். பாலுண்ணிக்கு அம்மான் பச்சரிசியின் பாலைத் தொட்டு வைப்பதுண்டு. அப்பால் கண்ணில் படலாகாது. எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும்.

தொற்றல்லாத நோய்களுக்கான மூலிகைகள்

வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறம் பெறும். இத்தைலம் காளாஞ்சகப்படைக்குச் சித்த மருத்துவர்கள் மிகுதியாகப் பயன்படுத்துவது. அந்நோய் உடலின் எதிர்ப்பாற்றல் பிறழ்ச்சியால் வருவது; ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. கார்போகரிசி வெண்புள்ளிக்கானது. இதிலுள்ள சோரலென் வெயிலுடன் சேர்ந்து செயல்படுவதால், பூசிய பின் மிகுதியாக வெயிலில் நின்றால் தோல் கொப்பளிக்கும். வெண்புள்ளியும் தொற்றுநோய் அன்று. இவ்விரு நோயாளிகளையும் தொற்று நோயாளிகளாகக் கருதி ஒதுக்கும் வழக்கம் பல குடும்பங்களின் திருமணப் பேச்சுகளைக் குலைத்துள்ளது.

பறங்கிப்பட்டை என்பது சீனத்திலிருந்து வந்த கிழங்கு. 16 ஆம் நூற்றாண்டில் பறங்கிப்புண் எனப்பட்ட மேகநோய் பரவியபோது அதற்கு மருந்தாகப் போற்றப்பட்டது. கோவாவில் வாழ்ந்த கார்சியா டா ஓர்ட்டா 1563 இல் வெளியிட்ட நூலில் இதனைப் பற்றி எழுதியுள்ளார். நோயும் மருந்தும் ஒரே கப்பலில் வந்தன போலும். மேகநோய்க்கு இன்றைய மருந்து பெனிசிலின்.

காப்புரிமை வழக்குகள்

புண் ஆற்றுவதற்கு மஞ்சள்தூளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995 ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் இது ஏற்கனவே அறியப்பட்ட முறை என எழுத்துச் சான்றுகளுடன் எதிர்த்ததால் 1997 இல் அது நீக்கப்பட்டது. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்களின் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994 இல் அளித்த உரிமை 2000 இல் நீக்கப்பட்டு, 2005 இல் அந்நீக்கம் உறுதி செய்யப்பட்டது. இவ்வழக்குகளில் வாய்மொழி வழக்கத்தை விட எழுதப்பட்ட சான்றுக்கே மதிப்பு இருந்தது. 2001 இல் தொடங்கப்பட்ட மரபறிவு மின்னூலகத்தில் சித்த மருத்துவ நூல்களின் செய்முறைகளும் சேர்க்கப்பட்டுள்ளன. வேலியோரத்துச் செடியைப் பற்றி ஒரு பாட்டி அறிந்தது எந்த நூலிலும் இல்லையெனில் அது இதில் இடம்பெறாது என்பது இம்முயற்சியின் எல்லை.

பக்கவிளைவுகள்

ஆடுதீண்டாப்பாளை கரப்பானுக்கும் சொறிக்கும் நாட்டு மருத்துவத்தில் உள்ளுக்கும் தரப்படும் கொடி. இதன் இனத்தைச் சேர்ந்த செடிகளில் அரிசுடோலோகிக் அமிலம் உள்ளது. 1990களின் தொடக்கத்தில் பெல்சியத்தில், உடல் இளைப்பதற்கான சீன மூலிகை மாத்திரையில் இவ்வினச் செடி கலந்திருந்ததால் பெண்கள் பலர் சிறுநீரகங்களை இழந்தனர். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகையில் சேர்த்துள்ளது. நூல்களில் இடம்பெற்றுள்ளது என்னும் ஒரே காரணத்தால் இக்கொடியை உட்கொள்ளலாகாது.

பச்சைப் பூண்டை அரைத்துத் தோலில் கட்டுவதால் தீக்காயம் போன்ற புண் உண்டாகும். கைக்குழந்தைகள், கருவுற்றோர், நீரிழிவு நோயாளிகள் ஆகியோரிடம் எந்தப் பச்சிலையையும் விரிந்த இடத்தில் பூசுவது தவிர்க்கத்தக்கது. குறிப்பாக நீரிழிவு உள்ளவரின் காற்புண்ணில் காரமான சாறு பட்டால் வலி தெரியாமலேயே புண் ஆழமாகும்.

மருந்தெதிர்ப்புப் படர்தாமரை

ஏறத்தாழ 2010களின் நடுப்பகுதியிலிருந்து இந்தியாவில் படர்தாமரை முன்னிருந்த எளிய நோயாக இல்லை. உடலின் பெரும்பகுதியில் பரவுவதும், குடும்பத்தில் அனைவருக்கும் வருவதும், மருந்தை நிறுத்தியவுடன் திரும்புவதும் மிகுந்தன. இதற்குக் காரணமான பூஞ்சை வகைக்கு 2020 ஆம் ஆண்டு டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிடப்பட்டது. இதன் பல வகைகள் டெர்பினாஃபின் என்னும் முதன்மை மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை. 2023 இல் அமெரிக்காவிலும் இது கண்டறியப்பட்டது.

இப்பரவலுக்கு ஒரு காரணமாகத் தோல் மருத்துவர்கள் சுட்டுவது, மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கப்படும் கலவைக் களிம்புகளை. இவற்றில் பூஞ்சைக் கொல்லியுடன் வீரியமிக்க சிட்டீராய்டும் சேர்ந்திருக்கும். சிட்டீராய்டு அரிப்பை ஒரே நாளில் அடக்கிவிடும். ஆனால் தோலின் எதிர்ப்பையும் அடக்குவதால் பூஞ்சை ஓசையின்றிப் பரவும். வட்டத்துக்குள் வட்டமாகப் படர்தாமரை தோன்றுவது இதன் அடையாளம். 2018 இல் இந்திய அரசு பூசும் சிட்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. "மூலிகைக் களிம்பு" என்னும் பெயரில் உட்பொருள் குறிப்பிடாமல் விற்கப்படும் குப்பிகளை ஐயத்துடன் நோக்க வேண்டியிருப்பதும் இதனால்தான். பூசிய மறுநாளே அரிப்பு முற்றிலும் நின்றுவிடுவது பச்சிலையின் இயல்பன்று.

புதிதாகத் தோன்றிய, ஓரிரு இடங்களில் மட்டும் உள்ள படர்தாமரைக்குச் சீமையகத்தி போன்ற இலைகளைப் பயன்படுத்துவோர், முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி ஒரு நாள் பார்த்த பின் தொடர்வது வழக்கம். இரண்டு வாரத்தில் ஓரம் அடங்காவிட்டாலும், முகத்திலோ தலையிலோ நகத்திலோ வந்தாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் கண்டாலும் மருத்துவரை அணுக வேண்டும். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆகியவற்றின் மருத்துவமனைகளில் தோல் நோய்களுக்குச் சித்த முறையில் மருத்துவம் அளிக்கப்படுகிறது. எங்குச் சென்றாலும் அதுவரை பூசிய களிம்பின் குழாயையும் பச்சிலையின் ஒரு கொத்தையும் உடன் எடுத்துச் செல்வது நன்று. பெயரை மட்டும் சொன்னால், ஊருக்கு ஊர் வேறுபடும் செடிப் பெயர்களால் மருத்துவர் வேறொன்றை எண்ணிக்கொள்ள நேரும்.